தள்ளி உக்காருடே

ஏலே பேராண்டி, முழுப்பரீட்சை லீவுக்குப் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு எந்தத் தேசத்துக்குப் போகலாம்னு அட்டவணை போட்டு வச்சிருக்கியாமே. எந்த ஓட்டல்ல பிள்ளைக்கு உசந்த நாற்காலி இருக்கு, எந்த ஏர்போர்ட்டுல சறுக்குமரம் இருக்கு, எந்த ஊர்ல தள்ளுவண்டி உருட்ட நடைபாதை இருக்குன்னு ஒண்ணொண்ணுக்கும் மார்க்கு. ஒரு நாட்டுக்குப் பத்துக்கு எட்டு. இன்னொண்ணுக்கு ஆறரை. அந்த அரை மார்க்கு எதுக்குடே குறைஞ்சது? பால் ஆறிப்போச்சா? எட்டயபுரம் சந்தையில ஆட்டப் புரட்டிப் பாக்கிற மாதிரி நாட்டப் புரட்டிப் பாக்கியே, நீ கெட்டிக்காரன்தான்.

போயிட்டு வா. நாலு சீமையப் பாக்கிறதுக்கு நான் குறுக்க நிக்கல. ஆனா உன் சாமான் பட்டியலையும் பாத்தேன். பாட்டில் சூடு பண்ண ஒரு மிஷினு. கழுத்துக்கு ஒரு தலகாணி. அழுக்குத் துணி போட ஒரு பை, அந்தப் பையப் போட இன்னொரு பை. ரெண்டு வயசுப் பொடுசுக்கு இம்புட்டுமா? எங்க காலத்துல பொம்பளைக பிள்ளையத் தூக்கிட்டுக் கிளம்பினா ஒரு சொம்பு, ஒரு துண்டு வசம்பு, ஒரு பழைய நூல் சேலை. பயணம் முடிஞ்சது.

அந்தச் சேலைய லேசா நினைக்காத. கோவில்பட்டி ஸ்டேஷன்ல ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிப் பாரு. சாத்தூர் தாண்டுறதுக்குள்ள ஏதாவது ஒரு பெட்டியில ஒருத்தி தொட்டில் கட்டி முடிச்சிருப்பா. மேல் பெர்த்துக் கம்பியில இங்கிட்டு ஒரு முடிச்சு, அங்கிட்டு ஒரு முடிச்சு. நைலக்ஸ் சேலை வழுக்கும். பட்டு ஆகவே ஆகாது. துவைச்சுத் துவைச்சு நஞ்சுபோன நூல் சேலையிலதான் முடிச்சு நிக்கும். கட்டினவுடனே பிள்ளையப் போட்டுற மாட்டா. ரெண்டு கையாலயும் தொங்கி ஒரு இழு இழுத்துப் பாப்பா. அப்புறம் துணிப்பையத் தூக்கி உள்ள வச்சு நாலு ஆட்டு ஆட்டிப் பாப்பா. அதுக்குப் பொறவுதான் பிள்ளை. கீழ் பெர்த்துல படுத்திருக்கிறவரு மெட்ராசு ஐகோர்ட்டு வக்கீலா இருந்தாலும் சரி, காலால தொட்டில ஆட்டி விடணும். உங்களுக்குச் சம்மதமான்னு அவரை யாரும் கேக்கிறதில்ல. அவரும் கேக்கச் சொல்றதில்ல.

2022-ல நம்ம ரயில்வேக்காரக லக்னோ மெயில்ல கைப்பிள்ளைக்குன்னு குட்டிப் பெர்த்து மாட்டிப் பாத்தாக. தாய் படுக்கிற பெர்த்தோட ஒட்டிக்கிட்டு மடக்கி நீட்டுற ஏற்பாடு, பிள்ளை உருளாம இருக்கத் தடுப்பு. பேப்பர்ல படம்லாம் வந்துச்சு. நல்ல யோசனைதான், குத்தஞ் சொல்லல. ஆனா அதப் பாத்துட்டு எங்க வீட்டுக் கிழவி கேட்டா: "ஏன், அந்த ஊர்ப் பொம்பளைக சேலை கட்டுறதில்லயா?"

சீமைக்காரனையும் சும்மா சொல்லப்படாது. பின்லாந்துன்னு ஒரு தேசம். அங்க ஹெல்சிங்கிங்கிற ஊர்ல தள்ளுவண்டியில பிள்ளைய வச்சுத் தள்ளிக்கிட்டு வாறவனுக்கு டவுன்பஸ், டிராம்ல டிக்கெட்டே கிடையாது. பிள்ளைக்கில்லடே, தள்ளுறவனுக்கு! கையில வண்டி இருக்கிறப்ப டிக்கெட் மிஷின் தேடி ஓடமுடியுமான்னு யோசிச்சிருக்கான் பாரு, அவன் வீட்டுல பிள்ளை வளர்த்தவன். அந்த நாட்டுத் தூரத்து ரயிலுகள்ல பிள்ளைக விளையாடன்னே ஒரு பெட்டியில இடம் ஒதுக்கி வச்சிருக்கான். சுவிட்சர்லாந்துலயும் அப்படித்தான், ரயிலுக்குள்ள சறுக்குமரம். கேக்க நல்லாத்தான் இருக்கு. நம்ம ரயில்ல பிள்ளைக விளையாட எந்தப் பெட்டின்னு கேட்டா நான் என்ன சொல்ல? விளையாடாத பெட்டி எதுன்னு நீ சொல்லு.

ஜப்பான்காரன் 2014-லதான், ரயில்ல தள்ளுவண்டிய மடக்காமலே ஏத்தலாம்னு தெளிவா எழுதி வச்சான். சிங்கப்பூர்ல 2017 வரைக்கும் பஸ்ல ஏறணும்னா வண்டிய மடக்கணும். ஒரு கையில பிள்ளை, ஒரு கையில பை, மூணாவது கையால வண்டிய மடக்கு. இப்பத்தான் விரிச்சபடியே ஏத்த விடுறான். அம்புட்டுப் படிச்ச ஊருகளுக்கே இது ஒறைக்க இம்புட்டு வருஷம் ஆயிருக்கு. நீ அங்க போயி நம்ம ஊரக் கேவலமாப் பேசிக்கிட்டுத் திரியாத.

ஒரு நாட்டுல பாசங்கிறது இன்னொரு நாட்டுல போலீஸ் கேசாப் போயிரும், அதயும் தெரிஞ்சுக்கோ. டென்மார்க்குல, பிள்ளைக்குக் காத்துப் படட்டும்னு தள்ளுவண்டியக் கடைக்கு வெளியில நிப்பாட்டிட்டு, உள்ள உக்காந்து காப்பி குடிக்கிறது வழக்கம். குளிர்லயும் அப்படித்தான். அந்த ஊர்த் தாய் ஒருத்தி 1997-ல நியூயார்க்குக்குப் போனா. பழக்கதோஷம், 14 மாசப் பிள்ளைய வண்டியோட ஓட்டலுக்கு வெளியில நிப்பாட்டிட்டு, கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டே சாப்பிட உக்காந்திருக்கா. போலீசு வந்தாச்சு. தாயையும் தகப்பனையும் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டான். பிள்ளையத் தூக்கி யாரோ வளர்க்கிற வீட்டுல நாலு நாள் விட்டுட்டான். பிள்ளையப் பாதுகாக்கவாம்! ரெண்டு நாட்டுக்காரனும் நாங்கதான் பிள்ளைகளத் தாங்குறோம்னு சொல்லுதான். நாலு நாளா யாருடே அந்தப் பிள்ளையத் தாங்குனது?

இந்தச் சேதியக் கேட்டதும் எனக்கு நம்ம புஞ்சைதான் நினைப்புக்கு வந்துச்சு. பருத்தி எடுக்கப் போற பொம்பளைக வேலிக் கருவேல மரத்துல தூளி கட்டிப் பிள்ளையப் போட்டுட்டு நிரை பிடிச்சுப் போவாக. அந்தக் கோடிக்குப் போயிட்டுத் திரும்பி வர ரொம்ப நேரமாகும். தரையில துணி விரிச்சுப் போட்டா என்னன்னு கேப்ப. கோடையில கரிசல் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும். அந்த வெடிப்புக்குள்ள தேள் கிடக்கும், பூச்சி கிடக்கும். தூளிய எட்டாத உசரத்துல தொங்கவிட்டது சொகுசுக்கில்ல. பக்கத்துல ஆறேழு வயசு அக்காக்காரி ஒருத்தி காவல். பிள்ளை சிணுங்கினா, தாய் எட்டத்துல இருந்தா, பாலுள்ள எவளாவது வந்து அமர்த்திட்டுப் போவா. நியூயார்க்குப் போலீசு நம்ம புஞ்சைக்கு வந்திருந்தா ஊர்ப் பொம்பளைக அத்தனை பேரும் உள்ளதான்.

இப்ப புதுசா ஒரு நாகரிகம் வந்திருக்கு, பிள்ளைச் சத்தமே ஆகாதுங்கிற நாகரிகம். ஸ்கூட்டுன்னு சிங்கப்பூர் விமானக் கம்பெனி, 2013-லயே 12 வயசுக்கு உட்பட்ட பிள்ளைக உக்காரப்படாதுன்னு ஒரு பகுதிய ஒதுக்குனான். நம்ம இண்டிகோக்காரனும் 2016-ல சில வரிசைகள அமைதி மண்டலம்னு அறிவிச்சான். துட்டுக் கூடக் குடுத்தா அழுகைச் சத்தம் கேக்காதாம். ஏலே, அழுகைக்கு என்ன அஞ்சாவது வரிசையில டிக்கெட் எடுத்துக் குடுத்திருக்கா, அங்கனயே உக்காந்திருக்க?

தென்கொரியாவுல இன்னும் ஒருபடி மேல. பிள்ளைகளுக்கு அனுமதி இல்லன்னு காப்பிக்கடை வாசல்லயே போர்டு. ஜேஜு தீவுல ஒரு ஓட்டல்காரன் 13 வயசுக்கு உட்பட்ட பிள்ளைகள உள்ள விடமாட்டேன்னு சொல்லப்போயி, இது பாரபட்சம்னு அந்த நாட்டு மனித உரிமை ஆணையம் 2017-ல சொல்லிருச்சு. போர்டு என்னமோ முழுசா இறங்கின பாடில்ல. அதே நாட்டுல 2023-ல பிள்ளைப்பேறு விகிதம் பெண்ணொருத்திக்கு 0.72. ஒரு முழுப்பிள்ளை கூடத் தேறல. பிள்ளை பெத்துக்கோங்கன்னு சர்க்கார் துட்டு குடுக்கான், பெத்த பிள்ளையோட காப்பி குடிக்கப் போனா கடைக்காரன் வெளிய நில்லுங்கான். நம்மூர்ல காதுகுத்துக்குக் கூப்பிட்டுட்டுப் பந்தியில இலை இல்லன்னா என்ன நடக்கும்? தாய்மாமன் செம்பைத் தூக்கி எறிஞ்சிருப்பான்.

இன்னொரு விசயத்துலயும் சீமைக்காரன் பக்கம் நிக்கேன். நம்ம கடலைமிட்டாய் இருக்குல்ல, 2020-ல புவிசார் குறியீடு வாங்கிக் கோவில்பட்டிப் பேரக் காப்பாத்துன கடலைமிட்டாய். அத நாலு பாக்கெட் வாங்கிட்டுத்தான் விமானம் ஏறுவ, தெரியும். அங்க சில பிள்ளைகளுக்குக் கடலை ஆகாது. நாக்குல பட்டாலே தொண்டை வீங்கி மூச்சு அடைச்சிரும். அதனால பல பள்ளிக்கூடத்துல கடலையே கொண்டாரப்படாதுன்னு விதி. அமெரிக்காவுல சவுத்வெஸ்ட்டுங்கிற விமானக் கம்பெனி ரொம்ப காலமாக் குடுத்துக்கிட்டிருந்த கடலைய 2018-ல நிப்பாட்டியே போட்டான். நான் முதல்ல சிரிச்சேன். கடலை தின்னு எவனாவது சாவானான்னேன். சாவான்னு டாக்டர் சொன்னாரு, வாய மூடிக்கிட்டேன். பால்குடி வயசுலயே கடலையப் பக்குவமா ஊட்டுன பிள்ளைகளுக்கு இந்த வியாதி ரொம்பக் குறையுதுன்னு 2015-ல லண்டன் டாக்டர்மாரு கண்டுபிடிச்சும் சொல்லியிருக்காக. அது கிடக்கட்டும். பக்கத்து சீட்டுல எவளோ பெத்த பிள்ளை. அதுக்காகப் பாக்கெட்டப் பிரிக்காம மூணு மணி நேரம் பையில வச்சிருக்க முடியாதா? காலால தொட்டில் ஆட்டுன வக்கீலுக்கு இருந்த கூறு உனக்கு வேண்டாமா?

சரி, சீமையத் திட்டுனது போதும். நம்ம ஊர்ல பிள்ளைன்னா உசுருன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கிறவுகளுக்கும் ரெண்டு சொல்லணும்.

பிள்ளைகளுக்குன்னே பஸ்சு விட்ட சீமை எது தெரியுமா? நம்ம கரிசல் சீமைதான். காசு கிடையாது. ஊருக்குள்ளயே வந்து ஏத்திக்கிட்டுப் போகும், சாயந்தரம் கொண்டாந்து விடும். கோழி கூப்பிடுறதுக்கு முன்னாலயே ஹாரன் சத்தம் கேக்கும். எங்க போச்சுன்னு நினைக்க? தீப்பெட்டி ஆபீசுக்கு. கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் எட்டு வயசும் பத்து வயசுமா அள்ளிப் போட்டுக்கிட்டுப் போனான். எழுபது, எண்பதுகள்ல இந்த வட்டாரத்துல அந்த பஸ்சு வராத ஊரு கம்மி. மழை பொய்ச்ச வருஷம் பெத்தவளே எழுப்பி முகங்கழுவி விட்டா, என்ன செய்வா? 1986-ல சட்டம் வந்துச்சு. சிவகாசித் தீப்பெட்டித் தொழில்ல பிள்ளைக வேலை பாக்கிறத வச்சு எம்.சி. மேத்தா போட்ட வழக்குல 1996-ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பும் வந்துச்சு. பொறவுதான் கொஞ்சங் கொஞ்சமா அந்த ஹாரன் அடங்குச்சு. இதத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, அப்புறமாப் போயி வெள்ளக்காரனுக்குப் பாசம் தெரியாதுன்னு பேசு.

இதே மண்ணுலதான் எட்டயபுரத்துல 1956-ல காமராசர் மதியச் சாப்பாட்டுத் திட்டத்தத் தொடங்கி வச்சாரு, அதுவும் நெசம். பள்ளிக்கூடத்துக்கு வாற பிள்ளை எவன் வீட்டுப் பிள்ளைன்னு கேக்காம இலை போட்டது அது. ஒரே சீமை, ஒரு பக்கம் தட்டு, ஒரு பக்கம் ஹாரன். உன் அட்டவணையில இதுக்கு எத்தன மார்க்குப் போடுவ?

பஸ் ஸ்டாண்டுக்கு வா. தாய்மார் பாலூட்ட அறை வேணும்னு 2015-ல ஜெயலலிதாம்மா தமிழ்நாடு முழுக்க பஸ் ஸ்டாண்டுகள்ல திறந்து வச்சாக. உலகத்துல எத்தனையோ நாட்டுக்குத் தோணாத காரியம். பேரு சொல்லல, ஒரு ஊர்ல அந்த அறையப் போயிப் பாத்தேன். உள்ள நாலு விளக்குமாறு, ரெண்டு வாளி, ஒரு சைக்கிள். விளக்குமாத்துக்குப் பாலூட்டுறாகளான்னு கேட்டேன். "சாவி அவருகிட்ட இருக்கு"ன்னான். அவரு யாருன்னா, "டீ குடிக்கப் போயிருக்காரு"ன்னான். பிள்ளைக்காரி ஒருத்தி தூணுக்குப் பின்னால முந்தானைய இழுத்து மூடிக்கிட்டு உக்காந்திருக்கா. சுத்தி இருக்கிறவன் திரும்பி உக்காந்துக்கிட்டான். மனுசன் நல்லவன்தான். சாவிதான் டீக்கடையில இருக்கு.

கழுகுமலையில வெட்டுவான் கோயிலப் பாக்க ஒரு வெள்ளக்காரக் குடும்பம் வந்தாகன்னு வையி. மலையவே வெட்டிச் செதுக்குன கோயில், பாண்டியர் காலத்துது, எட்டாம் நூத்தாண்டுன்னு சொல்லுதாக. அவுக அண்ணாந்து சிலையப் பாக்காக. நம்மாளு அவுக பிள்ளையப் பாக்கான். ஒருத்தன் கன்னத்தக் கிள்ளுதான், ஒருத்தி முடியத் தடவுதா, காலேஜுப் பயக பத்துப் பேரு சுத்தி நின்னு செல்ஃபி எடுக்காக. பிள்ளை மிரண்டு அழுது. "பாசம் சார், பாசம்"ங்கான். உன் பிள்ளைய எவனாவது கேக்காம கிள்ளுனா விடுவியா? கேட்டுட்டுத் தொடுடே. இத வெள்ளக்காரன்கிட்ட இருந்து படிச்சா குறைஞ்சா போயிருவோம்?

ரெண்டு சக்கர வண்டி விசயமும் அப்படித்தான். எக்ஸெல் சூப்பர்ல முன்னால ஒண்ணு நிக்கும், நடுவுல ஒண்ணு சொருகியிருக்கும், பின்னால மடியில ஒண்ணு, அது கையில ஒரு கோழி. பாக்க வேடிக்கைதான், விழுந்தா தெரியும். நாலு வயசுக்கு உட்பட்ட பிள்ளைய ஏத்தினா ஹெல்மெட்டு போடணும், ஓட்டுறவன் உடம்போட வார் போட்டுக் கட்டணும், நாப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகப்படாதுன்னு 2022-ல மத்திய சர்க்காரே விதி போட்டிருக்கு. எவன் கட்டுதான்? இதுல நான் பழமை பேசமாட்டேன். தலையில அடிபட்ட பிள்ளைக்கு வசம்பு கேக்காது.

வரிசையில கைப்பிள்ளைக்காரிய முன்னால விடணும்னு பிரேசில்ல 2000-ல சட்டமே போட்டிருக்கான். பேங்கு, ஆசுபத்திரி, ஆபீசு எல்லாத்துலயும். திருப்பதியிலயும் ஒரு வயசுக்கு உட்பட்ட பிள்ளை வச்சிருந்தா தனி வழியில விடுதாக. நம்ம ரேஷன் கடையில சட்டமும் இல்ல, தனி வழியும் இல்ல. வரிசையில நிக்கிற கிழவி ஒருத்தி "பிள்ளைக்காரி, நீ முன்ன வாத்தா"ன்னா போதும், முணுமுணுக்காம ஒதுங்கிருவாக. அதுக்காகவே மண்ணெண்ணெய் வாங்கப் போறப்ப பக்கத்து வீட்டுப் பிள்ளைய இரவல் வாங்கிட்டுப் போனவளும் எங்க தெருவுல இருந்தா. பிரேசில்லயும் எவளாவது இருப்பா, விசாரிச்சுப் பாரு.

குடும்பத்தோட பயணம் போறது எப்படின்னு உனக்குத் தெரியணும்னா சுவிட்சர்லாந்துக்கு முன்னாடி பங்குனி உத்திரத்துக்கு எங்க கூட சாஸ்தா கோயிலுக்கு வா. ஒரு வேன்ல எத்தன பேருன்னு ஆர்.டி.ஓ. கேட்டா மயக்கம் போட்டு விழுவாரு. பெங்களூரு பங்காளி, திருப்பூர் பங்காளி, பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி எல்லாரும் அதுலதான். பொடுசுக எந்த மடியில கிடக்கோ அதுதான் சீட்டு. பொங்கல் வச்சு, முடி இறக்கி, திரும்பி வந்து இறங்குறப்பத்தான் ஒரு பிள்ளை குறையுதுன்னு எண்ணிப் பாப்பாக. யாரும் பதறமாட்டாக. பின்னால வாற வேன்ல, பேச்சுவார்த்தை இல்லாத அந்தப் பங்காளி பொண்டாட்டி மடியில, மொட்டையில பூசுன சந்தனம் வாயில ஒழுகத் தூங்கிட்டு வரும். பிள்ளைய வாங்குற சாக்குல ரெண்டு வீட்டுக்கும் பேச்சு முளைச்ச கதையும் உண்டு.

அதுக்காக எல்லா ஊர்லயும் பிள்ளைய எவ மடியிலயாவது போட்டுட்டுச் சிலையப் பாக்கப் போயிராத. நியூயார்க்குக் கதை ஞாபகம் இருக்கட்டும்.

எந்த நாட்டுல போய் இறங்கினாலும் உன் பிள்ளை ஒரு நேரம் கத்தும். காது அடைக்கும், பசிக்கும், இல்ல சும்மாவே கத்தும். அப்ப அட்டவணைய மூடி வச்சிட்டுச் சுத்தி இருக்கிற மூஞ்சிகளப் பாரு. எவன் பையத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு இடம் விடுதான், எவன் போர்டக் காட்டுதான்? மார்க்கு அப்ப போடு. உன் பக்கத்துல வேற எவன் பிள்ளையாவது கத்துனா, உனக்கும் ஒருத்தன் மார்க்குப் போடுவான்.

கடைசியா ஒண்ணு. மெட்ராசு வரைக்கும் ரயில்லதானே போற? அஞ்சு வயசுக்கு உட்பட்டதுக்குப் பெர்த்து வேண்டாம்னா டிக்கெட் இல்ல. அஞ்சு முடிஞ்சு பன்னெண்டுக்கு உட்பட்டதுக்கு அரை டிக்கெட். பெர்த்து வேணும்னா 2016-ல இருந்து முழு டிக்கெட். பெரியவனுக்கு வயசக் குறைச்சுச் சொல்லி மடியில அமுக்கிரலாம்னு நினைக்காத. டி.டி.ஆர். வந்து நிக்கிறப்ப, நீ வாயத் திறக்கு முன்னாடி, "மாமா, எனக்கு ஆறு வயசு, ஒண்ணாப்பு பி செக்சன்"னு அவனே எந்திரிச்சு நின்னு சொல்லிருவான். முழு டிக்கெட்டே எடுத்துரு.